நாலாம் மாடி ரெகுலேட்டர்

அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் சுவர்களில் மாடிக்கு ஒன்றாக ஏழு ரெகுலேட்டர்கள் இருந்தன. ஏழில் ஒன்றுகூட எதனோடும் இணைக்கப்படவில்லை. இந்த ரகசியம் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அந்தக் கட்டடத்தின் ஏசி மெக்கானிக். கட்டடம் முழுக்க அவருக்கு ‘ஜில்லு’ என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது, ஆனால் அந்த அட்டை எப்போதும் திரும்பியே தொங்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பேஸ்மென்ட்டில் அவர் அறைக்கு ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். குறைத்துச் சொன்னால்தான் நாற்பது. “குளிருது” என்று ஒருவர் வைப்பதற்குள் “வேகுது” என்று இன்னொருவர் எடுப்பார். இரண்டும் ஒரே மாடியிலிருந்து, ஒரே மேஜையின் இரண்டு பக்கத்திலிருந்து வரும். ரிசீவரைப் பிடித்துப் பிடித்து அது அவர் காதின் வடிவத்துக்கே வளைந்துவிட்டது.

ஒருநாள் பழைய சாமான்கள் அறையில், கழற்றிப் போட்ட மிஷின்களின் ரெகுலேட்டர்கள் கிடைத்தன. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டவை, திருப்பினால் ‘டக் டக்’ என்று கம்பீரமாகச் சத்தம் போடுபவை. ஜில்லு ஏழை எடுத்துத் துடைத்தார். மாடிக்கு ஒன்றாகச் சுவரில் வைத்து, இரண்டு இரண்டு ஸ்குரு முடுக்கினார். பின்னால் ஒயரும் இல்லை, ஓட்டையும் இல்லை.

“ஒண்ணு வெச்சா கதகதப்பு, அஞ்சு வெச்சா குளிர்ச்சி. ஆனா திருப்பின உடனே தெரியாது. பெரிய மிஷின். கால் மணி நேரம் ஆகும், பொறுமையா இருக்கணும்” என்று ஒவ்வொரு மாடியிலும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் சூட்சுமம். கால் மணி நேரம் கொடுத்தால் மனிதன் எதற்கும் பழகிவிடுவான். மறுநாள் போன் மூன்று முறைதான் அடித்தது. அதில் இரண்டு ராங் நம்பர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாலாம் மாடிதான் வினை. அங்கே இருந்தது பஸ் நேர அட்டவணை தயாரிக்கும் பிரிவு. முப்பத்தாறு பேர். எந்த விஷயத்தையும் கட்டம் போட்டு நிரல் பிரித்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். ரெகுலேட்டர் வந்த ஒரே வாரத்தில் யார் எப்போது திருப்புவது என்று சண்டை வந்து, அதற்கும் ஓர் அட்டவணை போட்டுவிட்டார்கள். ஒன்பதரை முதல் பதினொன்று வரை ஐந்தாம் எண், பொறுப்பு துண்டு அண்ணன். பதினொன்று முதல் ஒன்று வரை இரண்டாம் எண், பொறுப்பு செக்‌ஷன் தலைவி. இடைப்பட்ட நேரத்துக்கு மூன்று. அடியில் ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி. பிளாஸ்டிக் உறை போட்டு ரெகுலேட்டருக்குக் கீழே ஒட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு வேறு.

துண்டு அண்ணன் என்பவர் வழித்தட வரைபடம் போடுபவர். ரத்தத்துக்குப் பதிலாக வியர்வை ஓடும் உடம்பு. தோளில் துண்டில்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. செக்‌ஷன் தலைவி என்பவர், ஜில்லுவின் கூடப் பிறந்த அக்கா.

அக்காவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ரெகுலேட்டரைக் காட்டாமல் விடமாட்டாள். “ரெண்டுல வெச்சா என் முட்டி அடங்கிடுது பாருங்க. டாக்டர் மாத்திரைக்கு அடங்கல, இதுக்கு அடங்குது. என் தம்பி பண்ணினது.” சாயங்காலம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் அதே பேச்சுதான். ஜில்லு ஹெல்மெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு “உம்” கொட்டுவார். அந்த ஹெல்மெட் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ மாட்டியிருப்பார்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். சின்ன மாமா கதை இருக்கிறதே. அக்கா வளர்த்த கிளியை மாமா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, பறந்து போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அக்கா மூன்று மாதம் தெருத்தெருவாக மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். விஷயம் தெரிந்த அன்று பேச்சை நிறுத்தியவள்தான், பதினொரு வருஷம் ஆகிறது. “பொய் சொன்னா மன்னிச்சிடுவேன்டா. நான் அதை நம்பி நாலு பேர் முன்னாடி பேசும்போது பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தார் பாரு, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்” என்பாள். ஒவ்வொரு முறை அவள் இதைச் சொல்லும்போதும் ஜில்லு மனதுக்குள் கணக்குப் போடுவார். மாமாவுக்காவது மூன்றே மாதம். தனக்கு நாலு வருஷம்.

இந்த நிலைமையில்தான் கட்டடத்துக்கு மூளை வைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. கூரையெல்லாம் சென்சார், சுவரெல்லாம் சென்சார். எந்த அறையில் ஆள் இருக்கிறது, எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு புழுங்கியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கட்டடமே பார்த்துக்கொள்ளும், கட்டடமே மாற்றிக்கொள்ளும். இதைச் செய்ய ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். தோளில் லேப்டாப், காலில் கேன்வாஸ் ஷூ. பேஸ்மென்ட்டில் ஜில்லுவின் மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, “மொத்தம் நானூத்திப் பன்னண்டு பாயிண்ட் இருக்குண்ணா. ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்து, ஒயர் எங்க போகுதுன்னு எழுதிட்டுத்தான் அததை ஆன் பண்ணுவேன்” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

அன்றிலிருந்து ஜில்லுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தொழில்காரர் அல்லவா, அந்த மூளையின் சாமர்த்தியத்தைப் பார்த்து அசராமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டே நாளில் மொட்டைமாடி பம்ப் ஒன்று யாருக்குமே தண்ணீர் தராமல் ராப்பகலாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. இரண்டாம் மாடி விசிறி ஆறு வருஷமாகத் தலைகீழாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்தது. ஏழாம் மாடிக் கூட்ட அறையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் தூங்கி விழுவது பேசுகிறவரின் குற்றமல்ல, புழுங்கிய காற்றின் குற்றம் என்று நிரூபித்து ஒரு பெரிய அதிகாரியின் மானத்தையே காப்பாற்றியது.

கூடவே கூத்தும் நடந்தது. ஆள் அசையாவிட்டால் விளக்கை அணைத்துவிடும் என்பதால் ஐந்தாம் மாடிக்காரர்கள் கழிப்பறையில் உட்கார்ந்து வழியனுப்புகிறவர்களைப் போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மேகம் நகரும்போதெல்லாம் ஜன்னல் திரைகள் ஏறி இறங்கி, ஆறாம் மாடியில் ஒருவருக்குக் கப்பலில் போவதுபோலத் தலை சுற்றிவிட்டது.

மற்றவர்கள் சிரித்தார்கள். ஜில்லு எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூறு பாயிண்ட் முடிந்தது. முந்நூற்று ஐம்பது முடிந்தது. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத நாலாம் மாடியில், இன்ஜினியர் பெண் ஸ்குரு டிரைவரோடு ரெகுலேட்டர் முன்னால் போய் நின்றாள்.

“இதோட ஒயர் எங்கண்ணா போகுது?”

“அது பழைய லைனும்மா. உள்ளுக்குள்ள சுத்தி வளைச்சுப் போகுது.”

அவள் இரண்டு ஸ்குருவையும் கழற்றினாள். உள்ளே சுவர் இருந்தது. பழைய பச்சைப் பெயின்ட் ஒரு வட்டம், அதன் நடுவில் குடும்பத்தோடு ஒரு சிலந்தி. பெண் சுவரைப் பார்த்தாள், கையிலிருந்த ரெகுலேட்டரைப் பார்த்தாள், கீழே அட்டவணையைப் பார்த்தாள். ‘மாறுதலுக்கு உட்பட்டது’ வரைக்கும் படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கூரை சென்சார் முப்பத்தாறு பேர் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் காற்றை அதிகப்படுத்தும் அளவுக்குச் சிரித்தாள்.

“நாலு வருஷமாண்ணா? ஏழு மாடிக்கும் காதுல பூ சுத்திட்டீங்களே.”

“மெதுவாப் பேசும்மா. ரிப்போர்ட்ல இதை எழுதுவியா?”

“பாயிண்ட் முந்நூத்தி எழுபத்தொண்ணு, பழைய ரெகுலேட்டர், இணைப்பு இல்லைன்னு எழுதணும். அந்தந்த மாடித் தலைவர்தான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்.”

மற்ற மாடித் தலைவர்கள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா அப்படியல்ல. பற்பசை ட்யூபின் பின்பக்கத்தைக்கூட முழுசாகப் படித்து, எழுத்துப் பிழை இருந்தால் பேனாவால் திருத்திவிட்டுத்தான் பல் தேய்ப்பாள்.

ஜில்லு, சின்ன மாமாவின் கிளிக் கதையிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“பொய் எழுத மாட்டேண்ணா. ஆனா இதே இடத்துல நிஜமான ரெகுலேட்டர் வைக்கிற திட்டம்தான். இதே கூட்டுக்குள்ள வெச்சுடறேன். ‘புதிய ரெகுலேட்டர், இணைப்பு சரி’ன்னு எழுதினா அது உண்மைதானே. பழசைப் பத்தி யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் புது ரெகுலேட்டர் சுவரேறியது. அக்கா ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். இரண்டு இடத்தில் கால்புள்ளி போட்டாள். கையெழுத்தும் போட்டாள். அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் தரையிலேயே ஓடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜில்லு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குத் துண்டு அண்ணன் அட்டவணைப்படி எழுந்து போய், வழக்கம்போல ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினார்.

இந்த முறை அது கேட்டது.

பேஸ்மென்ட்டில் லேப்டாப் திரையில் நாலாம் மாடியின் கோடு படிக்கட்டில் உருண்டதுபோல இறங்கியது. இருபத்து நாலு, இருபத்து மூன்று, இருபத்தொன்று. மேலே ஆட்கள் ஃபைலைத் திறந்து மார்பில் கவிழ்த்துக்கொண்டார்கள். அட்டவணைக்காரர்கள் இல்லையா, யாரும் எழுந்து போய்த் திருப்பவில்லை. பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

“அண்ணா, இதைப் பாருங்க.” பெண் திரையில் ஒரு மூலையைத் தொட்டாள். மாடி முழுக்கப் பச்சையில் இருபத்தொன்று. தூணோரம் ஓர் இடத்தில் மட்டும் நீலத்தில் பதினேழு. “வெள்ளிக்கிழமை மாடி இருபத்து நாலுல இருந்தப்பவும் இங்க இருபதுதான். அந்த சீட்ல யாருண்ணா?”

“எங்க அக்கா” என்றார் ஜில்லு. அவருக்கு அந்தத் தூணும் தெரியும், அதன் பக்கத்து நாற்காலியும் தெரியும், நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்ட சால்வையும் தெரியும். நாற்பது போன் வந்துகொண்டிருந்த காலத்தில் அதில் ஏழு அக்காவுடையது. “என் தலைக்கு மேல யாரோ ஐஸ் கொட்டற மாதிரி இருக்குடா” என்பாள். கூரைக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவரும் நினைத்ததுண்டு. அப்புறம் ரெகுலேட்டர் வந்தது. அக்காவின் போன் நின்றது. நின்றுபோன போனுக்காக எவன் ஏணி போட்டு ஏறுவான்?

பதினொரு மணி. அக்கா இரண்டுக்குத் திருப்பினாள். கோடு மலை ஏறத் தொடங்கியது. இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்தேழு. பேஸ்மென்ட் போன் அடித்தது. வைத்தவுடன் மறுபடி அடித்தது. ஜில்லு ரிசீவரை எடுத்து மேஜையில் கிடத்தினார்.

“இங்கிருந்தே அந்த ரெகுலேட்டரை வேலை செய்யாம பண்ண முடியுமாம்மா? முன்ன மாதிரி?”

“ஒரு கிளிக்தான். ஆனா யார், எத்தனை மணிக்கு, எதை நிறுத்தினாங்கன்னு அதுவே எழுதி வெச்சுக்கும். அழிக்க முடியாது.”

ஜில்லு மவுஸின் மேல் விரலை வைத்தார். சுவருக்கு ஞாபகம் கிடையாது. நாலு வருஷம் வாயைத் திறக்காமல் அது அவரைக் காப்பாற்றியது. இதற்கோ ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. விரல் கீழே இறங்கவும் இல்லை, மேலே எழவும் இல்லை. அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. நாலு வருஷத்தில் ஒருமுறைகூட பேஸ்மென்ட்டுக்கு வராத அக்கா, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“டேய் தம்பி. ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு.”

“உக்காருக்கா.”

“நாலு வருஷமா பதினோரு மணிக்கு ரெண்டுல வெக்கிறேன். துண்டு அண்ணன் ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல. இன்னிக்கு அதே ரெண்டுதான். இருபது நிமிஷத்துல மனுஷன் சட்டையை அவுக்காத குறையா ஜன்னல்கிட்ட நின்னு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறார். இன்னிக்குப் புதுசு இப்படி வேலை செய்யுதுன்னா, இத்தனை நாளா பழசு என்ன செஞ்சிட்டிருந்துச்சு?”

ஜில்லுவிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. பழைய மிஷினுக்கு வயசாகிவிட்டது என்பது ஒன்று. மற்ற இரண்டும் அதைவிட அழகானவை. இன்ஜினியர் பெண் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் நீலமாக ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

“அதுக்குப் பின்னால ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“செவுரு.”

அக்கா உட்காரவில்லை.

“என் முட்டி ரெண்டுல வெச்சா அடங்கிச்சேடா.”

அக்கா அவரை விட்டுவிட்டுப் பெண்ணிடம் திரும்பினாள். “அது என்னம்மா, அது மட்டும் நீலமா இருக்கு?”

“உங்க சீட்டுங்க மேடம். மத்த இடத்தைவிட நாலு டிகிரி குறைவு. மேல காத்து வர்ற டக்ட்ல ஏதோ கோளாறு. ரொம்ப நாளா இருக்கும் போல.”

“அப்ப எனக்குக் குளிருச்சுங்கறது நிஜம்தானா? வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க.”

“நிஜம்தான் மேடம்.”

அக்கா அந்த நீலப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். தன் எக்ஸ்ரேவைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தம்பியைப் பார்க்காமலே கேட்டாள்.

“நான் எல்லார்கிட்டயும் இதைப் பெருமையாச் சொல்லும்போது நீ சிரிச்சியாடா?”

“முதல் வருஷம் கொஞ்சம். அப்புறம் இல்லக்கா. அப்புறம் பயமாத்தான் இருந்துச்சு.”

“ஏணியை எடு” என்றாள் அக்கா.

முப்பத்தைந்து பேர் அண்ணாந்து பார்க்க, ஜில்லு தூணோரம் ஏணி போட்டு, கூரைப் பலகையைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டார். காற்றை அளந்து விட வேண்டிய தகடு, நட்டு கழன்று வாயை முழுக்கத் திறந்தபடி கிடந்தது. நாலாம் மாடிக்கு வந்த குளிரில் பாதி அக்காவின் தலையில்தான் கொட்டியிருக்கிறது. நட்டைத் தேடி எடுத்து முடுக்க ஆறு நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இறங்கியதும் அக்கா சொன்னாள்: “இவங்களுக்கும் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

ஜில்லு சொன்னார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிலந்தி உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

யாரும் அடிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. துண்டு அண்ணன்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “ஜில்லு, நீ கனெக்‌ஷன் குடுக்கலைன்னு நீ நினைச்சிட்டிருக்கே. அது எங்கேயோ கனெக்‌ஷன் ஆகியிருக்குப்பா. நான் அஞ்சுல வெச்சா ஜில்லுன்னு வரும், எனக்குத் தெரியாதா?”

“பழசுதான் இதமா இருந்துச்சு” என்றார் ஒருவர். “இந்தப் புதுசுக்கு நிதானமே இல்ல” என்றார் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் பழைய ரெகுலேட்டரையே திரும்ப வைக்கும்படி ஒரு மனு தயாரானது. முப்பத்தைந்து கையெழுத்து. அக்கா போடவில்லை.

மறுநாள் இன்ஜினியர் பெண், ரெகுலேட்டரை எப்படித் திருப்பினாலும் ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் கட்டிப் போட்டாள். இதையும் ரிப்போர்ட்டில் எழுதினாள். நாலாம் மாடியில் எப்போதும் ஏறக்குறைய இருபத்து நாலு, தூணோரமும் இருபத்து நாலு. அட்டவணை பழையபடி நடந்தது. அக்காவின் சால்வை வீட்டுக்குப் போய்விட்டது.

பேச்சு நின்றுவிடும் என்றுதான் ஜில்லு நினைத்திருந்தார். நிற்கவில்லை. அக்கா அன்றைக்கும் ஸ்கூட்டரில் ஏறினாள், காய்கறி விலையைப் பற்றிப் பேசினாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாதி வழியில், “மழை வராதுக்கா, நேரா போயிடலாம்” என்றார். பின்னால் ஓர் அசைவு. கண்ணாடியில் பார்த்தார். அக்கா கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “சரி, போ” என்றாள்.

அதிலிருந்து எல்லாமே அப்படித்தான். பெட்ரோல் இருக்கிறது என்றால் முள்ளை எட்டிப் பார்ப்பாள். கடை திறந்திருக்கும் என்றால் கடைக்குப் போன் போடுவாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. சரிபார்க்கிறாள், அவ்வளவுதான். இன்ஜினியர் பெண்ணிடம் சொல்லி, அந்தத் திரையைத் தன் மேஜைக் கம்ப்யூட்டரிலும் போட்டு வாங்கிவிட்டாள்.

காலை ஒன்பதரைக்கு பேஸ்மென்ட் போன் அடிக்கும். இப்போதெல்லாம் நாளைக்கு அந்த ஒரே போன்தான்.

“எவ்வளவுடா?”

“இருபத்து நாலுக்கா.”

அதன்பின் மறுமுனையில் நாற்காலி நகரும், மவுஸ் கிளிக் ஆகும். அவள் பார்க்கிறாள். பிறகு, “சரி” என்று வைப்பாள். அந்த இடைவெளியில் ஜில்லு மூச்சு விடாமல் எண்ணுவார். முதல் வாரம் பத்தொன்பது நொடி. நேற்று பதினாலு. இன்று காலை பதினொன்று எண்ணுவதற்குள் “சரி” வந்துவிட்டது. வந்த பிறகும் அவர் ரிசீவரை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே பதினொன்றுதானா, அல்லது பயத்தில் மெதுவாக எண்ணிவிட்டோமா என்று அவருக்குத் தெரியவில்லை.